சுவரைப் பார்த்த நாற்காலி

அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது முதுகுதான். சாம்பல் நிறச் சுடிதார். இடது தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும் துப்பட்டா. கொண்டையில் குத்திய பென்சில். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு எத்தனையோ மத்தியானங்கள் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அவர் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். வாயில் ஒரு கமர்கட் மிட்டாய் இருக்கும்.

கமர்கட் எதற்கென்றால், பேசாமல் இருப்பதற்கு.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. கேட்காமல் எழுதுவது முறையில்லை. கேட்கலாமென்றால் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. நான் மேடம் என்று கூப்பிட்டேன். “மேடம் இன்னா மேடம்? உன்னவிட எட்டு வயசு சின்னவ நான்” என்று பலமுறை சொல்லிப் பார்த்தார். எனக்கு வேறு மாதிரி கூப்பிட வாய் வரவில்லை. அவர் பூந்தமல்லிக்காரர். அவருடைய அப்பா அங்கே தையல் கடை வைத்திருந்தார். கமர்கட்டும் அங்கே பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் வாங்கியதுதான். ஒரு பாட்டில் நிறைய மேசைமேல் இருக்கும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கீழே ஒரு லேத் பட்டறை, அதற்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே லேத் ஓடினால் மேலே டம்ளரில் இருக்கும் டீயில் வட்டம் வட்டமாக அலை எழும். நான் அங்கே பேன்ட்ரியில் இருந்தேன். டீ, காபி போடுவது, டம்ளர் கழுவுவது, தண்ணீர் கேன் மாற்றுவது. பன்னிரண்டாவது முடித்து, டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ் பண்ணியிருந்தேன். அது எதற்கும் உதவாமல் வீட்டில் பீரோவுக்குள் சான்றிதழாகக் கிடந்தது.

எங்கள் கம்பெனி விற்றது கையில் எடுத்துப் பார்க்க முடியாத ஒரு சரக்கு. வெறும் எண்களைக் கொடுத்தால் அதைப் பட்டையாகவோ, கோடாகவோ, வட்டமாகவோ படம் போட்டுக் காட்டும் கோடிங். வேறு வேறு ஊர்களில் இருக்கும் புரோகிராமர்கள் அதை வாங்கித் தங்கள் பக்கங்களில் சேர்த்துக்கொள்வார்கள். எப்படிச் சேர்ப்பது என்று விளக்கும் உதவிப் பக்கங்கள் இன்டர்நெட்டில் இருந்தன. விளக்கம் நிறைய இருந்தது, எடுத்துக்காட்டு இல்லை. “எப்படி எழுதுவது என்று ஒரு தடவை எழுதிக் காட்டுங்கள்” என்று வாங்கியவர்கள் மெயில் போட்டுக்கொண்டே இருந்தார்களாம். ஒவ்வொரு பக்கத்திலும் எடுத்துக்காட்டுக் கோடிங் எழுதிச் சேர்க்க அவரை ஆறு மாத ஒப்பந்தத்தில் எடுத்தார்கள்.

வந்த இரண்டாம் நாள் பேன்ட்ரி வாசலில் வந்து நின்றார்.

“அக்கா, உனக்கு கம்ப்யூட்டர் தெரியுமா?”

“தெரியாது மேடம்.”

“கோடிங்கு?”

“ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமே தெரியாது மேடம்.”

“அப்பாடா” என்றார். “கைய தொடச்சிகினு வா.”

தெரியாது என்று சொன்னதற்கு ஒருவர் சந்தோஷப்பட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

திரையில் ஒரு பக்கம் இருந்தது. காப்பி செய், நோட்பேடில் ஒட்டு, சேமி, இரண்டு தட்டு தட்டித் திற. இந்த நான்கு வேலையை மட்டும் காட்டிக்கொடுத்தார். “இனிமே பக்கத்துல இன்னா எழுதிகீதோ அத்த அப்டியே செய். என்னைக் கேக்காத. நானும் சொல்ல மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, கமர்கட்டை வாயில் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

நான் அப்படியே செய்தேன். திரையில் ஒன்றுமே வரவில்லை. வெள்ளை. மறுபடியும் செய்தேன். வெள்ளைதான். கம்ப்யூட்டரைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த முதுகு அசையவே இல்லை. கடைசியில், “மேடம், மன்னிச்சிடுங்க, நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்” என்றேன்.

கடக்கென்று கமர்கட்டைக் கடிக்கும் சத்தம் கேட்டது.

“நீ பண்ணல. நான் பண்ணேன்” என்று திரும்பினார். “எங்க நின்ன, அத்தச் சொல்லு.”

ஒரு நீளமான நோட்டில் எழுதிக்கொண்டார்: ‘அக்கா இங்கே நின்றார்.’ பக்கத்தில் அந்தப் பக்கத்தின் பெயர். பிறகு ஒரு வரி சேர்த்தார். மறுபடி கமர்கட், மறுபடி சுவர். நாலாவது முறை திரையில் நீலப் பட்டைகள் ஏழு நின்றன. நான் “ஐ” என்று சத்தம் போட்டுவிட்டேன். கமர்கட் கரைவதற்குள் படம் வந்தால் அந்த எடுத்துக்காட்டு பாஸ். அவர் கடித்துவிட்டால் ஃபெயில். அதுதான் கணக்கு. கடிப்பது எப்போதும் அவர், ஃபெயிலாவதும் அவர். நான் ஒரு நாளும் ஃபெயிலாகவில்லை.

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கும் நாலு மணி டீக்கும் நடுவில் அவர் மேசை என் இடமானது. ரம்ஜான் நோன்பு மாதத்தில் மட்டும் கமர்கட் கிடையாது. துப்பட்டா நுனியை மடித்துப் பல்லுக்கிடையில் கவ்விக்கொள்வார். அந்த மாதம் பாஸா ஃபெயிலா என்று சத்தம் சொல்லாது. துப்பட்டா நுனி எவ்வளவு கசங்கியிருக்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

அவருக்கு ஆகாத விஷயம் மூன்று புள்ளி. புரோகிராமர்கள் எழுதிக் கொடுக்கும் எடுத்துக்காட்டில் நடுவில் இரண்டு வரி இருக்கும், மேலேயும் கீழேயும் மூன்று புள்ளி வைத்திருப்பார்கள். மீதி உனக்கே தெரியும் என்று அர்த்தமாம். “தெரிஞ்சவன் எதுக்கு இந்தப் பக்கத்துக்கு வரப் போறான்?” என்று கேட்பார். இன்னொன்று ஏ, பி, சி. படத்துக்குக் கீழே ஏ, பி, சி என்று பெயர் போட்டால் அவருக்குக் கோபம் வரும். “ஏ யாரு? பி யாரு? எதுக்கு ஒருத்தன் ஒசரமா நிக்கிறான்?” அதனால் என்னிடம் கேட்டு நிஜமான எண்களைப் போட்டார். திங்கள்கிழமை எத்தனை டீ, செவ்வாய் எத்தனை, காபி எத்தனை, வெறும் பால் எத்தனை. எனக்கு அது மனப்பாடம். என் டம்ளர்கள் எல்லாம் பட்டையாகவும் கோடாகவும் உலகம் முழுக்கப் போயின.

டீம் லீட் தம்பிக்கு இது பிடிக்கவில்லை. கெட்டிக்காரப் பையன், இருபத்தேழு வயது இருக்கும். அந்தக் கோடிங்கில் பாதி அவன் எழுதியது.

“மேடம், நம்ம கஸ்டமர் எல்லாம் பேங்க். டீ, காபின்னு போட்டா சிரிப்பாங்க.”

“பேங்க்காரன் டீ குடிக்க மாட்டானா?”

“வாரத்துக்கு பத்து எக்ஸாம்பிள் போடலாம். நீங்க மூணு போடறீங்க.”

“மூணும் ஓடுதுல்ல?”

அவன் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவான். ஒரு நாள் அவர் என்னிடம் சொன்னார்: இதற்கு முன் வேலை பார்த்த இரண்டு இடத்திலும் மெதுவாக வேலை செய்கிறார் என்றுதான் அனுப்பிவிட்டார்களாம். “இங்கயும் அத்தையே சொல்லிட்டா, வூட்ல ஒக்காந்து டியூஷன் எடுக்கத்தான் போவணும்க்கா” என்று சிரித்தார். சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை.

இந்தக் குணம் அவருக்கு ஆபீஸோடு நிற்கவில்லை. வழி தெரியாமல் கூரியர்காரர் யாராவது போன் பண்ணினால், மற்றவர்கள் “நேரா வந்து லெஃப்ட்” என்பார்கள். இவர், “அண்ணாத்தே, இப்ப உங்க கண்ணுக்கு எதிர்ல இன்னா கீது, அத்தச் சொல்லுங்க மொதல்ல” என்பார். வானகரத்தில் பைபாசுக்குக் கீழே நிற்கிற ஆளைக்கூடச் சரியாக எங்கள் படிக்கட்டு வரை கொண்டுவந்து சேர்த்துவிடுவார்.

என் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் இரண்டு நாள் லீவு கேட்டபோது, “டீ எப்டிப் போடறதுன்னு எழுதி வெச்சிட்டுப் போ” என்றார். ஆறு வரி எழுதினேன். அழகான கையெழுத்து என்று எனக்கே பெருமை. அவர் அதை வாங்கி, பேன்ட்ரியில் நின்று, எழுதியிருந்தபடியே செய்தார். பால் வைத்தார். பொங்கியது. ‘டீத்தூள் நான்கு கரண்டி போடவும்.’ ‘டீ’ என்று எழுதிய டப்பாவை எடுத்து நான்கு கரண்டி போட்டார்.

“ஐயோ மேடம், அது இல்ல!”

அந்த டப்பாவுக்குத்தான் மூடி இறுக்கம். எறும்பு ஏறாமல் இருக்கச் சர்க்கரையை அதில் போட்டு வைத்திருந்தேன். டீத்தூள் ‘ரவை’ என்று எழுதிய டப்பாவில் இருந்தது. மூன்று வருஷமாக அப்படித்தான். பால் வெள்ளை வெளேரென்று கொதித்துக்கொண்டிருந்தது. அவர் அதை ஒரு டம்ளரில் ஊற்றி நிதானமாகக் குடித்தார்.

“நல்லாத்தான் கீது. ஆனா டீ இல்ல” என்றார். “நாளைக்கு நீ கல்யாண மண்டபத்துல இருப்ப. அங்கேந்து ‘ஐயோ அது இல்ல’ன்னு கத்துவியா? உனக்குத் தெரியும், அதனால எழுதல. எல்லாரும் அங்கதான்க்கா கவுறான்.”

நானும் அங்கேதான் கவிழப் போகிறேன் என்று அப்போது இருவருக்கும் தெரியவில்லை.

ஐந்தாவது மாதம் கோடிங்கின் புதிய பதிப்பு வெளிவர இருந்தது. அது நல்லபடி வெளியான பிறகு அவர் வேலையை நீட்டிப்பதைப் பற்றி முடிவு செய்வதாக எம்.டி. சொல்லியிருந்தார். எல்லாப் பக்கங்களிலும் முக்கியமானது ‘முதல் படம்’ என்ற பக்கம். புதிதாக வருபவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் திறப்பார்கள். அதன் எடுத்துக்காட்டை அவர் புதிதாக எழுதியிருந்தார்.

படம் வருவதற்குத் திரையில் ஒரு பெட்டி வேண்டும். அந்தப் பெட்டி எவ்வளவு உயரம் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் உயரம் சைபர். பெட்டி இருக்கும், படமும் அதற்குள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதற்குள் இதே காரணத்தால் கோட்டுப் படம், வட்டப் படம் என்று மூன்று எடுத்துக்காட்டுகள் என் கையில் வெள்ளையாக வந்திருந்தன. மூன்று முறையும் அவர் கடக்கென்று கடித்து, அந்த ஒரு வரியைச் சேர்த்திருந்தார்.

அன்று நான் காப்பி செய்தேன், ஒட்டினேன். உயரம் சொல்லும் வரி இல்லை. மேசையில் ஒரு சொட்டு டீ சிந்தியிருந்தால் கை தானாகத் துடைக்குமே, அப்படி என் விரல் அந்த வரியைத் தட்டிச் சேர்த்தது. சேமித்தேன். திறந்தேன். ஏழு பட்டைகள்.

“வந்துருச்சு மேடம்.”

அவர் திரும்பினார். கமர்கட் கன்னத்தில் இன்னும் முழுசாக உப்பிக்கொண்டிருந்தது. அவ்வளவு சீக்கிரம் ஒன்றுமே பாஸானதில்லை. சின்னப் பெண் மாதிரி இரண்டு கையையும் தட்டினார்.

புதிய பதிப்பு வெளியாகி இரண்டே நாளில் மெயில் வர ஆரம்பித்தது. படம் வரவில்லை. வெள்ளையாக இருக்கிறது. எல்லாம் ‘முதல் படம்’ பக்கத்தைப் பற்றி. நான் எட்டு டம்ளர் டீயோடு ஹாலுக்குள் நுழைந்தபோது டீம் லீட் தம்பி நின்றுகொண்டு பேசிக்கொண்டிருந்தான். எம்.டி.யும் இருந்தார்.

“செஞ்சு பாத்துதான் போட்டேன்” என்றார் அவர்.

“யாரு செஞ்சு பாத்தா? டீ குடுக்கிற அக்காவா?” என்றான் தம்பி. யாரோ சிரித்தார்கள். “ஹைட்டே குடுக்கல மேடம். ஒரு வரி. அஞ்சு மாசம் கமர்கட் சாப்டதுக்கு இதான் ரிசல்ட்.”

தட்டு என் கையில் இருந்தது. அப்போதுதான் என் விரல் செய்தது எனக்கு ஞாபகம் வந்தது. லேத் ஓடாமலே டம்ளரில் டீ நடுங்கியது.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. “என் தப்புதான். சரி பண்ணிடறேன்” என்று மட்டும் சொன்னார். எம்.டி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “சரிம்மா. வெள்ளிக்கிழமையோட முடிச்சுக்கலாம்” என்றார்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்லவே குரல் வராமல் ஆப்சென்ட் வாங்கியவள் நான். டீயைக் கொடுத்துவிட்டுப் பேன்ட்ரிக்குப் போய், காலியாகித் திரும்பி வந்த எட்டு டம்ளரை மூன்று முறை கழுவினேன். சாயங்காலம் ரயிலில் அண்ணனூர் வரை மனசுக்குள் பேசிப் பார்த்தேன். ‘சார், நான்தான் சார்.’ அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

மறுநாள் காலை யாரும் வருவதற்கு முன்னால் ஒரு தாள் எடுத்து எழுதினேன். பேச வராது, ஆனால் செய்வதை வரிசையாக எழுத வரும் அளவுக்கு ஆகியிருந்தேன். எம்.டி. வந்ததும் அவர் டீ டம்ளருக்கு அடியில் அதை வைத்துவிட்டு வந்தேன்.

‘சார், வணக்கம். நான் பேன்ட்ரியில் வேலை செய்பவள்.
1. முதல் படம் பக்கத்தில் உள்ள கோடிங்கைக் காப்பி செய்தேன்.
2. நோட்பேடில் ஒட்டினேன்.
3. பெட்டிக்கு உயரம் சொல்லும் வரி அதில் இல்லை.
4. வழக்கம் போல அதை நானே சேர்த்துவிட்டேன்.
5. சேர்த்ததை மேடத்திடம் சொல்லவில்லை. படம் வந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன்.
நீங்கள் இரண்டு வரை செய்து திறந்தால் வெள்ளையாக வரும். நான்கையும் செய்தால் படம் வரும். மேடம் மேல் தப்பு இல்லை.’

பத்து மணிக்கு எம்.டி. டீம் லீட் தம்பியைக் கூப்பிட்டார். அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

“போன வெர்ஷன்ல பட்டைப் படத்துக்கு மட்டும் உயரம் சொல்லலைன்னாலும் அதுவா எடுத்துக்கும்ல?”

“ஆமா சார். அத இதுல தூக்கிட்டேன்.”

“அவங்ககிட்ட சொன்னியா?”

“சார், அது எல்லாருக்கும் தெரியும்.”

“எல்லாருக்கும்னா யாருக்குப்பா?”

தம்பி பதில் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. பேன்ட்ரியில் பால் குக்கர் விசில் அடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது, அவர் போகவில்லை. அடுத்த திங்கள்கிழமையும் வந்தார். அன்று மத்தியானம் பேன்ட்ரிக்குள் வந்தார். கையில் என் தாள். வாயில் கமர்கட். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அவர் என்னைத் தடுக்கவில்லை. தாளை மறுபடி ஒரு முறை மேலிருந்து கீழே படித்தார். பிறகு கடக்கென்று கடித்தார்.

“நாலாவதுல ‘வழக்கம் போல’ன்னு எழுதிகீற. யாருக்கு வழக்கம்?”

“எனக்குத்தான் மேடம்.”

“எம்.டி.க்குத் தெரியுமா உன் வழக்கம்? அப்புறம், வரியச் சேத்தேன்னு போட்டிருக்கியே, எந்த வரி? அத்த எழுதவே இல்லியே.”

“அவருக்குத் தெரியும்னு...” என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன்.

அவர் நோட்டை எடுத்து எழுதினார். ‘அக்கா இங்கே நின்றார்.’ எழுதிவிட்டுச் சிரித்தார். இந்த முறை கண்ணிலும் சிரிப்பு இருந்தது. அப்புறம், “இனிமே நீ எனக்கு ஆவ மாட்டக்கா” என்றார். “தெரிஞ்சிகினா அவ்ளோதான். உன் கண்ணு இனிமே ஏமாத்தும்.”

அவர் சொன்னது சரிதான். ஆனால் அன்றைக்கு எனக்கு டம்ளர் கழுவப் பிடிக்கவில்லை. என்னை யாரும் வேலையைவிட்டு எடுக்கவில்லை, சம்பளமும் குறையவில்லை. அந்த இரண்டு மணி நேரம் போய்விட்டது, அவ்வளவுதான். அதற்குள் அதுதான் என் வேலை என்றும், டீ போடுவது அதற்கு முன்னும் பின்னும் செய்கிற ஒன்று என்றும் எனக்குள் ஆகியிருந்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அவர் கீழே இறங்கிப் போனார். பட்டறை வாசலில் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். பட்டாபிராமிலிருந்து சைக்கிளில் வருகிற பெரியவர். மாடிப்படி வழியாகக் குரல் கேட்டது.

“நைனா, உனக்கு கம்ப்யூட்டர் தெரியுமா?”

“டிவி ரிமோட்டே நம்ம ஊட்ல பேத்திதாம்மா அமுக்கும்.”

“அப்பாடா. மேல வா.”

நான் பேன்ட்ரி வாசலில் நின்று பார்த்தேன். பெரியவரை என் நாற்காலியில் உட்காரவைத்தார். காப்பி, ஒட்டு, சேமி, திற. அதே நான்கு. பெரியவர் மௌஸை எலியைப் பிடிப்பது போலப் பயந்து பிடித்தார். நான் உள்ளே திரும்பினேன்.

“எங்க போற? இங்க வா” என்றார்.

சுவரோரம் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டிருந்தது. அதுவும் சுவரைப் பார்த்து.

“இது அந்த ‘முதல் படம்’ எக்ஸாம்பிள். அதுல ஒசரம் சொல்ற வரி நீ சேத்தது. நீயும் எழுதினவதான். ஒக்காரு.” பாட்டிலைத் திறந்து எனக்கு ஒரு கமர்கட் எடுத்துக் கொடுத்தார்.

அந்தக் கம்பெனி அடுத்த வருஷமே வேறு ஊருக்கு மாறிவிட்டது. நான் இப்போது ஆவடியில் ஒரு பள்ளிக்கூட விடுதிச் சமையலறையில் இருக்கிறேன். அங்கே டீ டப்பாவில் டீத்தூள்தான் இருக்கிறது. அவரைப் பிறகு நான் பார்க்கவில்லை. ஆனால் அந்தச் சுவரை நன்றாகப் பார்த்திருக்கிறேன். மேலே ஈரம் இறங்கிய ஒரு கறை, ஒரு பழைய ஆணி, காலண்டர் மாட்டியிருந்த இடத்தில் வெளுத்த சதுரம்.

அன்று பின்னால் பெரியவர் மூச்சுவிடுவது கேட்டது. மௌஸ் ஒரு தட்டு. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. திரும்பிவிடலாம் போல எனக்குக் கழுத்து துடித்தது. திரும்பக் கூடாது என்பதற்காகப் பக்கவாட்டில் அவரைப் பார்த்தேன்.

அத்தனை மாதம் முதுகை மட்டும் பார்த்து, எவ்வளவு தைரியமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தார். ஒரு கன்னம் உப்பியிருந்தது. மடியில் துப்பட்டாவை இரண்டு கையாலும் பிழிந்துகொண்டிருந்தார்.

நான் என் கமர்கட்டைக் கடிக்காமல் பிடித்துக்கொண்டு அவர் கைமேல் கை வைத்தேன். இருவரும் பெரியவருக்காகக் காத்திருந்தோம்.